வரவு எழுதினேன், செலவு எழுதவில்லை

என் அக்கா மகன் ராணுவத்தில் இருக்கிறான். லடாக்கில் பணியில் இருந்தபோது ஒரு நாள் வாட்ஸ்அப்பில் போட்டோ ஒன்று அனுப்பினான். பின்னால் மொட்டை மலை, முன்னால் பாதி உறைந்த ஏரி, ஓரத்தில் மங்கலாக ஏழெட்டு வெள்ளைப் பறவைகள். தலை மட்டும் காப்பிப்பொடி நிறம்.

"மாமா, நம்ம மண்டபத்துல மீன் குடலுக்குச் சண்டை போடுமே, அதுதானே இது?"

அதேதான். பழுப்புத்தலைக் கடற்காகம். குளிர்காலம் முழுக்க ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில், எங்கள் மீன் இறங்குதளத்தில் படகுகளைச் சுற்றிக் கத்திக்கொண்டிருக்கும். கோடையில் லடாக், திபெத் பக்கத்து உயரமான ஏரிகளுக்குப் போய்க் குஞ்சு பொரிக்கும். அதை அவனுக்கு எழுதினேன். உடனே அடுத்த கேள்வி வந்தது: "இன்னைக்குத்தான் இங்கிட்டு முதல்ல பார்க்குறேன். அங்கிட்டு இருந்து எப்பக் கிளம்புச்சு?"

நான் மீன் ஏலக்கூடத்தில் கணக்கு எழுதுகிறவன். பதினோரு வருடமாகப் பறவைக்கும் தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எடுத்துப் புரட்டினேன். ஒவ்வொரு வருடமும் முதல் கடற்காகம் வந்த தேதி இருந்தது. முதல் பூநாரை, முதல் வளைமூக்கு உள்ளான், எல்லாம் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு இருந்தன. கிளம்பிய தேதி மட்டும் ஒன்றுகூட இல்லை. பங்குனியோடு பக்கங்கள் மெலிந்து, சித்திரையில் வெறுமையாகி, மறுபடி புரட்டாசியில்தான் எழுத்து தொடங்குகிறது.

வரவை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன், செலவு எழுதவில்லை. கடைக்கணக்கை இப்படி எழுதினால் முதலாளி அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். செலவு என்ற சொல்லுக்குப் பழைய தமிழில் 'போதல்' என்றுதான் பொருள் என்பது அப்போது நினைவுக்கு வந்து இன்னும் குத்தியது.

வடக்கே பனி உருகும் காலத்தில் பறவை பார்க்கிறவர்களுக்கெல்லாம் ஒரே பரபரப்பு. இந்த வருடம் எது முதலில் வந்தது, எது வழக்கத்தைவிட முந்தி வந்தது, யாரும் எதிர்பாராத எது வந்து இறங்கியது என்று பார்ப்பார்கள். நம் கரையில் அந்த வசந்தம் தலைகீழாக நடக்கிறது. மாசி, பங்குனியில் இங்கிருந்து கிளம்பினால்தான் அங்கே போய்ச் சேர முடியும். அவர்களுடைய முதல் வரவு நம்முடைய செலவு. ஆனால் ஒரு பறவை வந்தால் கண்ணில் படும், போனால் படுவதில்லை. அதனால்தான் யாரும் எழுதுவதில்லை. நானும் எழுதவில்லை.

சரி, அந்த வருடத்திலிருந்து எழுதுவோம் என்று தொடங்கினேன். தொடங்கிய பிறகுதான் அது எவ்வளவு வில்லங்கமான வேலை என்று தெரிந்தது. முதல் நாளை அன்றைக்கே எழுதிவிடலாம். கடைசி நாளை அன்றைக்கு எழுத முடியாது. அதுதான் கடைசி என்று யாருக்குத் தெரியும்? அடுத்த வாரமும் போய், இல்லை என்று பார்த்து, அதற்கடுத்த வாரமும் போய், மறுபடி இல்லை என்று பார்த்தால்தான் பின்னோக்கிப் போய் அந்தத் தேதிக்குக் கட்டம் கட்டலாம். அதாவது ஒன்றுமில்லாத கரைக்குப் பங்குனி வெயிலில் பைக் ஓட்டிக்கொண்டு போய், 'கடற்காகம் 0' என்று எழுதிவிட்டு வர வேண்டும். வீட்டில் இதை விளக்கிச் சொல்வது சிரமம்.

முதல் வருடமே ஒரு பெரிய தப்பு செய்தேன். ஏப்ரல் 12 வரை இறங்குதளத்தில் இருநூறு முந்நூறு என்று இருந்த கடற்காகங்கள், 20-ம் தேதி பார்த்தால் நாலைந்துதான் இருந்தன. ஆகா, ஒரே வாரத்தில் கிளம்பிவிட்டன என்று தேதி போட்டு, நட்பு வட்டத்தில் பெருமையாகச் சொல்லியும் விட்டேன். இரண்டு நாள் கழித்து தனுஷ்கோடிக்குப் போனால், கோதண்டராமர் கோயில் பக்கத்துத் தண்ணீரில் அதே கூட்டம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி 61 நாள் நடக்கும். விசைப்படகு போகாது. படகு போகாவிட்டால் கழிவு மீன் இல்லை, கழிவு மீன் இல்லாவிட்டால் கடற்காகம் எதற்கு அங்கே நிற்கும்? இத்தனைக்கும் தடைக்காலத்தைக் கணக்கு நோட்டில் கோடு போட்டுக் குறிப்பதே நான்தான். அன்றிலிருந்து ஒரு பறவையின் போக்குக்கு ஒரே இடத்தை நம்புவதில்லை. இறங்குதளம் ஒன்று, ஆள் இல்லாத கரை ஒன்று என இரண்டு இடத்திலாவது பார்க்கிறேன். சாதாரண நாளிலும் இந்தக் கணக்கு உண்டு. எங்கள் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு. விசைப்படகு கரை திரும்பும் காலையில் எண்ணினால் வரும் எண் வேறு, மற்ற நாளில் வருவது வேறு. நோட்டில் பறவை எண்ணிக்கைக்குப் பக்கத்தில் 'வி' அல்லது 'நா' என்று ஓர் எழுத்து போடுகிறேன்.

இதே மாதிரி உள்ளே கண்மாய்களிலும் ஒரு பொறி இருக்கிறது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்தங்கல், சக்கரக்கோட்டை எல்லாம் பறவைகள் சரணாலயம்தான். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் முதல் இரண்டுக்கு 2022-லும் அடுத்த இரண்டுக்கு 2025-லும் கிடைத்தது. ஆனால் எல்லாமே ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய கண்மாய்கள். மழை ஏமாற்றிய வருடத்தில் தை பிறக்கும்போதே தரை தெரியும். அங்கே பறவை இல்லை என்றால் வடக்கே போய்விட்டது என்று பொருளில்லை. தண்ணீர் தேடிப் பிள்ளைமடம் பக்கமோ வாலிநோக்கம் உப்பளத்துப் பக்கமோ நகர்ந்திருக்கலாம். 'இந்த வருடம் பறவைகள் சீக்கிரமே கிளம்பிவிட்டன' என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, கண்மாயில் தண்ணீர் எவ்வளவு கிடந்தது என்பதைத்தான்.

கிளம்பப் போகும் பறவையை முன்கூட்டியே அடையாளம் காணலாம். இதைப் பார்க்கத்தான் மாசி, பங்குனியில் கரைக்குப் போக வேண்டும் என்பேன். மார்கழியில் எல்லாம் ஒரே சாம்பல், ஒரே பழுப்பு. எந்தப் புத்தகத்தை வைத்துப் பார்த்தாலும் குழப்பம்தான். மாசி பிறந்ததும் உடை மாற்றத் தொடங்கும். கடற்காகத்துக்குக் காதுக்குப் பின்னால் இருந்த மைப்பொட்டு பரவிப் பரவித் தலை முழுக்கக் குல்லாய் ஆகும். சாம்பல் உப்புக்கொத்திக்கு வயிற்றில் கறுப்புத் திட்டுத்திட்டாக வந்து, கடைசியில் முகத்திலிருந்து வயிறு வரை கரி பூசினதுபோல் ஆகிவிடும். சிறிய மணல் உப்புக்கொத்தியின் நெஞ்சில் செங்கல் நிறத்தில் பட்டை ஏறும். அது போகிற இடம் இமயத்துக்கு அப்பால் திபெத் மேட்டுநிலம். எங்கள் உப்புத்தண்ணீரில் நண்டுக்குஞ்சு பொறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் நம்ப முடியாது.

அப்புறம் தின்னும் வேகம். போகும் முன் உடம்பில் கொழுப்பு சேர்த்தாக வேண்டும், அதுதான் வழிக்கு எரிபொருள். பங்குனியில் ஓர் உள்ளானைப் பத்து நிமிடம் பாருங்கள், தலை நிமிராது. அந்த நேரத்தில் போட்டோவுக்காக ஐந்து முறை விரட்டிப் பறக்கவிட்டால், நாள் முழுக்கச் சேர்த்ததில் ஒரு பங்கை நாம் பிடுங்கிக்கொள்கிறோம் என்று அர்த்தம். நானும் விரட்டியிருக்கிறேன். பறக்கும்போது இறக்கை விரிந்த படம் நன்றாக வரும் என்பது வேறு. இப்போது ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். நின்றால் ஓடுகிற பறவை, உட்கார்ந்தால் கால்மணி நேரத்தில் தானாகப் பக்கத்தில் வரும். நாய்கள் துரத்துவதையும், சுற்றுலா வருகிறவர்கள் முறுக்கையும் சிப்ஸையும் கடற்காகத்துக்கு வீசுவதையும் என்ன செய்வது என்று தெரியவில்லை.

மாலையில் நின்று பார்த்தால் இன்னொன்று தெரியும். பொழுது சாயும் நேரத்தில் ஒரு கூட்டம் சும்மாவே கிளம்பும், வட்டமடிக்கும், கத்தும், திரும்ப உட்காரும். மறுபடி கிளம்பும். இரண்டு மூன்று முறை இப்படி நடந்த பிறகு ஒரு முறை உட்காராது. உயர ஏறி, வரிசை கட்டி, வடக்கே போய்ப் புள்ளியாகிவிடும். பதினோரு வருடத்தில் இதை முழுசாக மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன். கரைவலை இழுக்கும் பெரியவர் ஒருவரிடம் சொன்னபோது, "வாடை நின்னு சோழகம் எடுத்துச்சுன்னா உள்ளான் தங்காது தம்பி, இது தெரியாதா" என்றார். சோழகம் என்றால் தென்காற்று. பின்னாலிருந்து தள்ளும் காற்று கிடைத்தால்தானே வடக்கே போவது சுலபம்! எனக்குப் புத்தகம் படித்துத்தான் தெரிந்தது.

அரிய பறவையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நான் மூக்கறுபட்ட கதையையும் சொல்ல வேண்டும். ஒரு மார்ச் மாதக் கடைசி. மணி பத்தரை இருக்கும், தனுஷ்கோடி மணலில் கானல் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளான் கூட்டத்தின் நடுவே ஒன்று மட்டும் கழுத்திலிருந்து வயிறு வரை செங்கல் சிவப்பு. ரெட் நாட்! எங்கள் கரையில் அந்த உள்ளான் வகை அபூர்வம். கை நடுங்க நாலு படம் எடுத்து, பைக்கில் ஏறும் முன்னே, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்றிவிட்டேன். இரண்டு நாளில், பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவரிடமிருந்து மரியாதையாக ஒரு கடிதம் வந்தது: மூக்கு எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறதா?

கோபம்தான் வந்தது. இடத்தில் நின்று பார்த்தவன் நான் அல்லவா! படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூக்கு நீளமாக, நுனியில் கீழ்நோக்கி வளைந்திருந்தது. ரெட் நாட்டுக்கு மூக்கு நேராக, குட்டையாக இருக்கும், உடம்பும் குண்டு. நான் பார்த்தது வளைமூக்கு உள்ளான். குளிர்காலம் முழுக்க நூற்றுக்கணக்கில் பார்த்த அதே பறவை, வடக்கே போவதற்காகச் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு நின்றது. சைபீரியாவின் வடகோடியில்தான் குஞ்சு பொரிக்கும். மற்றவை இன்னும் மாற்றாத நேரத்தில் இது மட்டும் முந்திக்கொண்டது, அவ்வளவுதான். நிறத்தைப் பார்த்தேன், மூக்கைப் பார்க்கவில்லை. சட்டையைப் பார்த்து ஆளை அடையாளம் சொன்ன மாதிரி.

அதிலிருந்து பழகியது இது. நிறத்தைக் கடைசியில் எழுதுவேன். முதலில் மூக்கு, தலையின் அளவோடு ஒப்பிட்டு எவ்வளவு நீளம், நேரா வளைவா. பிறகு கால். பிறகு பக்கத்தில் நிற்கும் தெரிந்த பறவையைவிடப் பெரிதா சிறிதா. தனியாக நிற்கும் பறவையின் அளவைக் கானலில் யாராலும் சொல்ல முடியாது. ஒன்பதரைக்கு மேல் தூரத்துப் பறவைக்குப் பெயர் வைப்பதையே விட்டுவிட்டேன். வெளிச்சத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனைச் சாலை தென்கிழக்காகப் போகிறது. காலையில் பார்த்துக்கொண்டே போனால் சூரியன் முகத்தில் அடித்து எல்லாப் பறவையும் கறுப்பாகத் தெரியும். அதனால் எங்கும் நிற்காமல் முதலில் முனைக்குப் போய்விடுவேன். திரும்பி வரும்போது வெயில் முதுகில் இருக்கும், அப்போது நின்று நின்று பார்க்கலாம். முனையில் ஒரு பக்கம் பெண்கடல் அமைதியாகக் கிடக்க, மறுபக்கம் ஆண்கடல் அடித்துக்கொண்டிருந்தால், பறவை எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நிழல் கிடையாது, தண்ணீர் கொண்டுபோக வேண்டும். லென்ஸில் உப்பு படிந்தால் சட்டையால் துடைக்காதீர்கள், கீறல் விழும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள். பைனாகுலரைக் கண்டதும் கடலோரக் காவலில் இருப்பவர்கள் வந்து விசாரிப்பார்கள், எல்லைக் கடல் அல்லவா. அடையாள அட்டையும் பறவைப் புத்தகமும் பையில் இருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். மனோலி மாதிரியான தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. தெரிந்த படகு இருக்கிறது என்று அனுமதி இல்லாமல் இறங்கிவிடாதீர்கள்.

ரெட் நாட் விஷயத்தில் பட்ட அவமானத்தைவிடப் பெரியது ஒன்று பிறகு வந்தது. எங்கள் மணலில் கோடையிலும் குளிரிலும் ஒரு குட்டிப் பறவை ஓடிக்கொண்டிருக்கும். சிட்டுக்குருவி அளவு, மண்ணிற முதுகு, வெள்ளை வயிறு. நோட்டு முழுக்கக் 'கெண்டிஷ் உப்புக்கொத்தி' என்று எழுதி வந்தேன். ஒரு சித்திரையில் பாம்பன் தாண்டி ஒரு மணல் திட்டில் அது இறக்கையை இழுத்துக்கொண்டு தத்தித் தத்திப் போனது. அடிபட்டுவிட்டது என்று நினைத்துப் பின்னாலேயே போனேன். பாசி எடுக்க வந்து தண்ணீர் வற்றுவதற்காகக் காத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா சிரித்தார்.

"அது உங்களைக் கூட்டிட்டுப் போகுது தம்பி. முட்டை பின்னால கெடக்கும். காலைப் பார்த்து எடுத்து வையிங்க."

எடுத்து வைத்த காலுக்கு நாலு அடியில் மூன்று முட்டை. மணலும் சிப்பித்தூளும் கலந்த நிறம், கூடு என்று ஒன்றும் இல்லை, ஒரு குழிவு மட்டும். வந்த தடத்திலேயே திரும்பிவிட்டேன். மணலில் ஜீப் ஓட்டி விளையாடுகிறவர்களைப் பார்த்தால் அந்தக் குழிவுதான் நினைவுக்கு வருகிறது.

2023-ல் ஒரு செய்தி வந்தது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இருக்கும் இந்தக் குட்டி உப்புக்கொத்தி, கெண்டிஷ் அல்ல, தனி இனம் என்று மரபணு, உடல் அளவு எல்லாம் பார்த்து முடிவு செய்துவிட்டார்கள். 1887-லேயே தனியாக விவரிக்கப்பட்டு, 1930-களில் கெண்டிஷோடு சேர்க்கப்பட்டு, இப்போது மறுபடி பிரிந்திருக்கிறது. பெயர் அனுமன் உப்புக்கொத்தி. ராமாயணத்தில் அனுமனின் வானரப் படை பாலம் கட்டிய கடலைச் சுற்றி வாழ்வதால் அந்தப் பெயர். உலகத்துக்கே புதிய பறவை, சேதுவின் பெயரைச் சொல்லும் பறவை, எங்கள் வீட்டு வாசல் பறவை!

சந்தோஷத்தோடு நோட்டைத் திறந்தேன். அத்தோடு சந்தோஷம் போயிற்று. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து நிஜக் கெண்டிஷ் உப்புக்கொத்திகளும் தெற்கே வரும். கார்த்திகையில் நான் எண்ணியதில் எத்தனை விருந்தாளி, எத்தனை வீட்டுக்காரர்? ஒவ்வொரு வாரமும் எண்ணி, பங்குனியில் எண்ணிக்கை குறைந்ததையும், சித்திரையில் ஒரு பகுதி மட்டும் தங்கிவிட்டதையும் எழுதியிருந்தால், ஒன்று போகிறது, ஒன்று போகவில்லை என்று என் நோட்டே காட்டியிருக்கும். செலவு எழுதாததால் இரண்டு பறவை ஒரே பெயரில் பதினோரு வருடம் கலந்து கிடக்கிறது.

இதற்கு நேர்மாறான பொறியும் உண்டு. மே, ஜூனில் கரையில் ஒரு கோட்டானையோ (ஆந்தை இல்லை, மூக்கு நீண்ட கரைப்பறவை) சாம்பல் உப்புக்கொத்தியையோ கண்டால், பருவம் தவறிய அதிசயம் என்று குதிக்கத் தோன்றும். பிறந்து ஓராண்டுகூட ஆகாத கரைப்பறவைகள் பல, முதல் கோடையில் வடக்கே போகாமல் இங்கேயே தங்கிவிடும். அவற்றுக்குச் சிவப்புச் சட்டையும் இருக்காது, கறுப்பு வயிறும் இருக்காது. எண்பதுகளில் மண்டபம் கரையிலும் தீவுகளிலும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் எஸ். பாலச்சந்திரன் கரைப்பறவைகளை ஆண்டு முழுக்க ஆராய்ந்தார். கோடையில் தங்குகிறவை பற்றிய விவரம் அப்போதே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே இப்போது 'தங்கியது' என்று தனியாக ஒரு கட்டம் வைத்திருக்கிறேன்.

எல்லாமே வடக்கேதான் போகும் என்பதும் இல்லை. நண்டுதின்னி என்று ஒன்று, கறுப்பு வெள்ளையில் நெட்டைக் காலோடு, குத்துவாள் மாதிரி தடித்த மூக்கோடு தனுஷ்கோடிப் பக்கம் நிற்கும். இதைப் பார்ப்பதற்கென்றே வெளியூரிலிருந்து வருவார்கள். அது பெரும்பாலும் மேற்கே போகிறது. அரபிக் கரை, பாரசீக வளைகுடா, செங்கடல் ஓரம். சுடுமணலில் வளை தோண்டி, உள்ளே ஒற்றை வெள்ளை முட்டை இடும். பூநாரைகளுக்காகத் தனுஷ்கோடியில் 2025 ஜூன் 5 அன்று தமிழ்நாடு அரசு சுமார் 525 ஹெக்டேரைச் சரணாலயமாக அறிவித்தது. ஜூனில் அங்கே போய்ப் பூநாரை எங்கே என்று கேட்டவர்களும் உண்டு. தை, மாசியில் வாருங்கள்.

காலில் வளையமோ சிறு வண்ணக்கொடியோ கட்டிய பறவையைப் பார்த்தால் ஆசையில் முகத்தைப் படம் எடுக்காதீர்கள். நான் எடுத்தேன், அழகான முகம், ஒன்றுக்கும் பயன்படவில்லை. எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா, எந்த நிறத்துக்குக் கீழே எந்த நிறம், கொடியில் எழுத்து என்ன? இவ்வளவும் இருந்தால்தான் எங்கே எப்போது கட்டியது என்று தேட முடியும். என்னிடம் இருந்தது 'ஏதோ பச்சை' என்பது மட்டும்.

ஈபேர்டில் பட்டியலைச் சேர்க்கும்போது, பார்த்த எல்லாப் பறவையையும் பதிந்துவிட்டீர்களா என்று ஒரு கேள்வி வரும். அவசரத்தில் 'இல்லை' என்று தட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். உண்மையாகவே எல்லாவற்றையும் எழுதி 'ஆம்' என்று கொடுத்தால்தான், பட்டியலில் இல்லாதது அன்றைக்குக் கண்ணில் படவில்லை என்று கணக்கில் ஏறும். என் 'கடற்காகம் 0' அங்கேதான் வேலை செய்கிறது. எண்ணத் தெரியவில்லை என்று எண்ணிக்கைக்குப் பதில் பெருக்கல் குறி போடுவதையும் நிறுத்திவிட்டேன். பத்து பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்த்து, அந்த அளவைக் கூட்டத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போனால் ஓரளவு சரியாக வரும். மீன்கூடையைக் கண்ணால் மதிப்பிடும் ஏலக்காரருக்கு இது சொல்லித்தர வேண்டியதே இல்லை. 2024 அக்டோபரில் சாம்பல் உப்புக்கொத்தியையும் வளைமூக்கு உள்ளானையும் உலகச் சிவப்புப் பட்டியலில் அழிவாய்ப்பு நிலைக்கு நகர்த்தினார்கள். நான் மூக்கைப் பார்க்காமல் பெயர் மாற்றி வைத்த அதே உள்ளான். எங்கும் நிறைந்திருக்கிறது என்று எண்ணாமல் விட்ட பறவை.

போன மாசியிலிருந்து ஒழுங்காகச் செய்தேன். இறங்குதளத்திலும் தனுஷ்கோடியிலும் வாரம் ஒரு முறை. குலசாமி கும்பிடும் மாசிக் களரிக்கு ஊருக்குப் போன ஒரு வாரம் மட்டும் விட்டுப்போயிற்று. குல்லாய் போட்டவை எத்தனை, போடாதவை எத்தனை என்று பிரித்தே எண்ணினேன். குல்லாய்க்காரர்கள்தான் முதலில் குறைந்தார்கள். ஏப்ரல் கடைசியில் தனுஷ்கோடியில் தலை வெளுத்த இளசுகள் பதினொன்று மட்டும் நின்றன. குல்லாய் ஒன்றுகூட இல்லை. அடுத்த வாரமும் இல்லை. அதற்கடுத்த வாரமும் 0 என்று எழுதி, பின்னால் போய் ஏப்ரல் 19-ஐச் சுற்றிக் கட்டம் போட்டேன்.

அக்கா மகனுக்கு எழுதினேன்: "மாப்பிள்ளை, இங்கிருந்து கடைசியா கிளம்பினது 19-ம் தேதி. அங்கே ஏரியில் எப்போது வந்துச்சுன்னு பார்த்துச் சொல்."

ராத்திரி பதில் வந்தது. "மாமா, என்னை ராஜஸ்தானுக்கு மாத்தி மூணு மாசம் ஆச்சு. அம்மா சொல்லலையா? இங்கிட்டு ஏரியும் இல்ல, தண்ணியும் இல்ல. ஒரு குருவி மட்டும் மணல்ல ஓடிக்கிட்டே இருக்கு. போட்டோ அனுப்பவா?"

மூக்கு தெரிகிற மாதிரி எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.